சுக்கு, திப்பிலி

மூன்று பேர் இருந்தார்கள்.
பெயர் வைத்தவள் கவின்மலர், மூன்றாம் வகுப்பு:
சுக்கு, மிளகு, திப்பிலி.
கால் முளைத்த மீனா என்றார் எதிர்வீட்டுப் பட்டறைக்காரர்,
கொலுசுக்கு மெருகேற்றிக் கறுத்த விரலால்
கண்ணாடியைத் தட்டி.
மீனில்லை அண்ணா, ஆக்சலாட்டல்.
வாயில் நுழையவில்லை அவருக்கு.
மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்,
எந்நேரமும் சிரித்த முகமாம்.

அந்தச் சிரிப்புதான் ஏமாற்றியது.
வலித்தாலும் அதற்கு அதே வாய்.

எனக்கு வேலை அஸ்தம்பட்டியில், டயாலிசிஸ் பிரிவில்.
காலை ஷிப்ட் தொடங்குமுன்
தண்ணீரில் குளோரின் பார்ப்பவள் நான்.
நான் தலையசைக்காமல் ஒரு மிஷினும் ஓடாது.
பதினோரு வருஷம். ஒருநாளும் தவறியதில்லை.

வீட்டில் தவறினேன்.

ஒன்பது நாள் கழித்து மேட்டூர்த் தண்ணீர் வந்த ஞாயிறு.
குடம், அண்டா, டிரம் எல்லாம் நிரப்பிய கையோடு
தொட்டியின் பஞ்சு ஃபில்டரை எடுத்துக்
குழாயடியில் வைத்துக் கசக்கினேன்.
பழுப்பாக ஒழுகியது. இன்னும் கசக்கினேன்.
கடையில் வாங்கிய அன்று போல வெளுத்தது.
சுத்தம் சோறு போடும் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு உதறினேன்.

அந்தப் பழுப்புதான் காவல்.
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர்,
இவர்கள் கழித்ததைத் தின்று தின்று
தண்ணீரைத் தண்ணீராக வைத்திருந்தவர்கள்,
கொண்டலாம்பட்டிச் சாக்கடையோடு போனார்கள்.

புதன்கிழமை செவுள் இறகுகள்
முகத்தின் பக்கம் மடிந்தன.
வியாழன், வால்நுனி கொக்கி.
வெள்ளி இரவு சோதனைக் குழாயில்
மஞ்சள் தெரியவேண்டிய இடத்தில்
வெண்டைக்காய்ப் பச்சை.
மிளகு அதற்குள் மல்லாந்திருந்தாள்.
சிரித்தபடி.

கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தோம்.
மண்ணை மூடிவிட்டுக் கவின் கேட்டாள்,
"மூணும் சேந்தாதானம்மா மருந்து?"

மீதி இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு டப்பா.
மே மாதச் சேலத்தில் குளிர்ந்த இடம் என்று
இருப்பது ஒன்றே ஒன்று.
இட்லி மாவை மேல்தட்டுக்கு ஏற்றினேன்,
தயிரை ஓரம் தள்ளினேன்.
ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும்போதெல்லாம்
என் வீட்டுக்காரர் "உள்ளே வரலாமா" என்று கேட்டுவிட்டுத்
தண்ணீர் பாட்டில் எடுத்தார்.

பள்ளி மைதானத்து நாட்டு வாதுமையில்
உதிர்ந்த சிவப்புச் சருகாகப் பொறுக்கி வந்தாள் கவின்.
ஊறப்போட்டால் டீ நிறம்.
அதில் கிடந்தார்கள், சுக்குக்குச் செவுளில் பூத்திருந்த
வெள்ளைப் பஞ்சு இழை இழையாகக் கழன்றது.
தினமும் முழுத் தண்ணீரும் மாற்ற வேண்டும்.
முந்தின நாளே பிடித்து,
குளோரின் முறிக்கும் சொட்டு விட்டு,
என் ஆஸ்பத்திரித் தாளை முக்கிப் பார்த்து,
மறுபடி பார்த்து.

மாடியில் துணி எடுக்கப் போனால் எதிரே சேர்வராயன்,
நீலமாக, பார்க்க மட்டும் குளிர்ச்சியாக.
டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு
இருபது கொண்டை ஊசியும் ஏறிவிடலாமா என்று
ஒரு சாயங்காலம் நிஜமாகவே பஸ் நேரம் விசாரித்தேன்.

எட்டாம் நாள் திப்பிலி
மண்புழுவின் ஒரு நுனியைக் கவ்வினாள்,
யோசித்தாள், துப்பினாள்,
பிறகு முழுவதும் இழுத்துக்கொண்டாள்.
வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை.

தொட்டி தேற ஏழு வாரம்.
இப்போது பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே
இரண்டே முறை, மெதுவாக அமுக்குகிறேன்.
அழுக்கு மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட
என் கைக்கு இன்னும் வரவில்லை.
கவின் பக்கத்தில் நின்று "போதும்" என்கிறாள்.

மாதையன் அண்ணனுக்குத்
திங்கள், புதன், வெள்ளி.
ஊசி ஏற்றும்போது வலியை மறக்க
எதையாவது கேட்பார்.
"உங்க வீட்டுப் பிள்ளைங்க எப்படி, சிஸ்டர்?"
செவுள் திரும்ப முளைக்குதுண்ணா,
ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.

"மூணுன்னீங்களே."

குழாயில் ரத்தம் ஏறத் தொடங்கியிருந்தது.
மிஷின் பக்கம் திரும்பி
ஏற்கெனவே சரியாக இருந்த எண்களைச்
சரிபார்த்தேன்.